வாசகர் கேள்வி–பதில்: காற்றாலை, கணக்கு, கடன்

கேள்வி: என் மகள் பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பொருளியல் இளங்கலை முடித்திருக்கிறாள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் அதற்கான நிதியையும் ஆராயும் பொருளியல் அறிஞராக வேண்டும் என்கிறாள். காற்றாலையும் சோலாரும் இன்ஜினியர்களின் வேலை அல்லவா? இதில் பொருளியலுக்கு என்ன இருக்கிறது, இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
— ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் மகள் தேர்ந்தெடுத்திருப்பது பொருளியலின் நடுமையத்தில் உள்ள ஒரு துறை. அனல் மின் நிலையத்தில் செலவின் பெரும்பகுதி நிலக்கரியாக ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். காற்றுக்கும் வெயிலுக்கும் எவரும் பில் அனுப்புவதில்லை. ஆகவே காற்றாலையிலும் சோலார் நிலையத்திலும் ஏறத்தாழ மொத்தச் செலவும் முதல் நாளிலேயே விழுந்துவிடுகிறது, அந்தப் பணத்தை எவ்வளவு வட்டிக்கு வாங்கினோம் என்பதுதான் அடுத்த 25 ஆண்டுகளின் மின் விலையைத் தீர்மானிக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மெகாவாட் சோலார் நிலையத்திற்கு 4 கோடி ரூபாய் ஆகிறது, அது ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் தருகிறது, 25 ஆண்டுகள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், முதலீட்டுக்கு 12 சதவீதம் கொடுக்க வேண்டியிருந்தால் ஒரு யூனிட்டின் அடக்க விலை ஏறக்குறைய 3 ரூபாய் 20 காசு ஆகும். 8 சதவீதம் போதும் என்றால் 2 ரூபாய் 35 காசுக்குள் முடிந்துவிடும். வெயிலும் தகடும் நிலமும் மாறவில்லை, வட்டி மட்டுமே மாறியிருக்கிறது. அந்த 12-ஐ 8 ஆக்குவது எது, மின்வாரியம் பணத்தைக் காலத்தில் தராமல் இழுத்தடிக்கும் என்ற பயம் அதில் எவ்வளவு, அந்தப் பயத்தை யார் தலையில் சுமத்துவது நியாயம் என்பனவற்றை ஆராய்வதுதான் இத்துறைப் பொருளியலாளரின் வேலை. இன்ஜினியரிடம் இதற்கு விடை இல்லை. வங்கி மேலாளரிடம் அவருடைய வங்கிக்கான விடை மட்டுமே இருக்கும்.

பருவநிலைப் பொருளியலின் பெரிய சண்டையும் இந்த விகிதத்தைப் பற்றியதுதான். பிரிட்டன் அரசுக்காகப் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006-இல் அளித்த அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் இழப்பை இன்றைய மதிப்புக்கு மாற்றும்போது ஆண்டுக்கு 1.4 சதவீதம் என்ற குறைந்த விகிதத்தில் மட்டுமே கழித்துப் பார்த்து, உடனடியாகப் பெருஞ்செலவு செய்வது தகும் என்றது. சந்தை விகிதங்களுக்கு அது பொருந்தாது என்று மறுத்த அமெரிக்கப் பொருளியலாளர் வில்லியம் நார்தாஸ் 2018-இல் நோபல் பரிசு பெற்றார். இருவருக்குமிடையே பெரிய வேறுபாடு விஞ்ஞானத்தில் இல்லை. வட்டியைப் போன்ற ஓர் எண்ணில்தான் இருந்தது.

பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். முதுகலைக்குச் சென்னைப் பொருளியல் பள்ளி ஒரு நல்ல இடம். அங்கே சுற்றுச்சூழல் பொருளியல், நிதிப் பொருளியல் இரண்டுமே தனித்தனிப் பட்டங்களாக உள்ளன. ஆராய்ச்சிக்குத் திருவனந்தபுரத்தில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம், ரிசர்வ் வங்கி மும்பையில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டில் இளநிலை ஆய்வாளர் தகுதி (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை வரும். பட்டம் பெற்றுப் பல்கலைக்கழக மானியக்குழு விகிதத்தில் உதவிப் பேராசிரியர் ஆனால் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும். குடும்பம் நடத்த அது போதும். ஆனால் அந்த இடத்தை அடைய இளங்கலைக்குப் பின் ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கும் என்பதையும், எழுதி முடித்த ஒரு கட்டுரை நல்ல ஆய்விதழில் அச்சாக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது பொருளியலில் சாதாரணம் என்பதையும் வீட்டார் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பெங்களூரில் கார் வாங்கும்போது உங்கள் மகள் இரண்டாவது திருத்தத்தை அனுப்பிக்கொண்டிருப்பாள்.

புள்ளியியலும், அதைப் பொருளியல் தரவுகளில் பயன்படுத்தும் பொருளளவையியலும் (எகனாமெட்ரிக்ஸ்) அவள் உறுதியாகக் கற்க வேண்டும். நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பை (பேலன்ஸ் ஷீட்) படிக்கத் தெரிய வேண்டும். பொருளியல் மாணவர்கள் பலர் இதை வணிகவியலார் வேலை என்று தள்ளிவிடுகிறார்கள், அது தவறு. இன்று தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்றும் இருக்கிறது. மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் வெளியிடும் கட்டண ஆணைகள் எவரும் படிக்கக்கூடிய பொது ஆவணங்கள். கடனும் சொந்த முதலும் 70-க்கு 30 என்பது போன்ற அனுமானங்களை ஆணையம் எங்கிருந்து எடுத்தது என்று அவற்றில் வரிவரியாகத் தேடட்டும். உங்கள் ஊர்ப்பக்கம் பிறந்ததில் அவளுக்கு ஒரு வசதியும் உண்டு. உடுமலைப்பேட்டை மில் முதலாளியிடம் தமிழிலும் கஞ்சிக்கோட்டு மின்வாரிய அதிகாரியிடம் மலையாளத்திலும் அவளே நேரில் கேட்க முடியும்.

கேள்வி: ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று கேரளத்தைத் தாண்டித்தான் எங்களை அடைகிறது. ஆனால் காத்தாடிகள் எல்லாம் எங்கள் பக்கம்தான் நிற்கின்றன. இதைக் காற்று தீர்மானித்ததா, பணம் தீர்மானித்ததா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை

பதில்: ஆராய்ச்சி மாணவர் ஒருவர் முனைவர் பட்டத்துக்கே எடுத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி இது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கேரளத்தில் அது நூறைக்கூடத் தொடவில்லை.

காற்றுக்கு இதில் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடைவெளிகளில் நெருக்குண்டு வேகமெடுத்து, மழை மறைவான கிழக்குச் சமவெளியில் தங்குதடையின்றி வீசுகிறது. ஆனாலும் கேரளத்தில் காற்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1990-களிலேயே காற்றாலைகளை நிறுவியது. அட்டப்பாடியின் அகளியிலும், கம்பம் பள்ளத்தாக்கைக் குனிந்து பார்க்கும் ராமக்கல்மேட்டிலும் அவை சுழல்கின்றன.

பலரும் உடனே சொல்லும் காரணம் வரிச்சலுகை. காற்றாலையின் விலையில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானச் செலவாகக் கணக்கில் எழுதிக்கொள்ள வருமான வரிச் சட்டம் நெடுங்காலம் இடம் தந்தது. 5 கோடிக்கு ஒரு காற்றாலை போட்ட மில் 4 கோடியை அந்த ஆண்டின் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளும்; வரி மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒன்றேகால் கோடிக்கு மேல் அந்த ஆண்டு கட்ட வேண்டியதில்லை. அந்த வரி தள்ளித்தான் போகிறது, தள்ளுபடி ஆவதில்லை. என்றாலும் வட்டியில்லாமல் கையில் நிற்கும் பணம் பணம்தான். ஆனால் இச்சலுகை மத்திய அரசுடையது. கொல்லத்துக்கும் கோயம்புத்தூருக்கும் அது ஒன்றே. இரு மாநிலங்களுக்கும் பொதுவான ஒன்று அவற்றுக்கிடையிலான வேறுபாட்டுக்குத் தனிக் காரணமாக இருக்க முடியாது.

ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் மாறுவனவற்றைத் தேட வேண்டும். வரி கட்டுமளவுக்கு லாபமும் ஓயாத மின் தேவையும் ஒருசேரக் கொண்ட பஞ்சாலைகள் கோவை, திருப்பூர், ராஜபாளையம் வட்டாரங்களில் இருந்தன. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியே பல்லடத்து மில்லுக்குக் கொண்டுபோகவும், ஆடியில் மிஞ்சியதை வாரியத்திடம் இருப்பு வைத்துத் தையில் எடுத்துக்கொள்ளவும் தமிழ்நாட்டில் வழி செய்யப்பட்டிருந்தது. கேரளத்தில் காற்றடிக்கும் இடங்கள் பெரும்பாலும் மலைமேடுகள். இறக்கைகளை ஏற்றிக்கொண்டு லாரி போகும் சாலை அமைப்பதே அங்கே தனிச் செலவு. எங்கள் பக்கமோ மானாவாரிப் புஞ்சை, விலையும் மலிவு. என் கணிப்பில், சலுகை எண்ணெயாக இருந்தது. திரி இங்கேதான் இருந்தது.

மெய்யான சிக்கல் இதற்குப் பின்னால் இருக்கிறது. தேய்மானச் சலுகை காற்றாலையை நிறுவியதற்குத் தரப்படுவது, அது சுழன்றதா என்று அது கேட்காது. இந்தக் குறையைப் பார்த்துத்தான் 2009-இல் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு தரும் ஊக்கத்தொகையை மத்திய அரசு மாற்றாகக் கொண்டுவந்தது. 2012 மார்ச்சில் இரண்டும் ஒருசேர நின்றன. 2011–12-இல் நாட்டில் 3,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாக நிறுவப்பட்டிருக்க, அடுத்த ஆண்டு அது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. எந்தச் சலுகை நின்றதால் எவ்வளவு குறைந்தது? இரண்டும் ஒரே நாளில் நின்றதால் மொத்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. தேய்மானச் சலுகை பின்னர் 2014-இலும் ஊக்கத்தொகை 2013-இலும் திரும்பி வந்தன. வரி கட்டும் மில்களும், வரி கட்டுமளவு லாபமில்லாத மின் உற்பத்தி நிறுவனங்களும் அவற்றுக்கு வேறுவேறு விதமாக எதிர்வினை காட்டியிருக்கும். அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு விடையை நெருங்குவதுதான் ஆராய்ச்சியாளரின் திறமை. 2017-இல் தேய்மானம் 40 சதவீதமாகக் குறைந்து, குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் தரும் முதல் தேசியக் காற்றாலை ஏலத்தில் யூனிட் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியபோது, இதே முடிச்சு இன்னொரு முறை விழுந்தது.

கேள்வி: சோலார் கரண்ட் இரண்டு ரூபாய்க்கு வந்துவிட்டது என்று பொருளியலார் எழுதுகிறார்கள். எங்கள் கரண்ட் பில் மட்டும் ஏன் இறங்கவில்லை?
— மாந்தோப்பு விவசாயி, முதலமடை

பதில்: அவர்கள் எழுதுவது பொய்யன்று. 2010-இல் நடந்த முதல் தேசிய ஏலத்தில் மிகக் குறைந்த விலையே 10 ரூபாய் 95 காசாக இருந்தது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பாட்லாவில் அது 2 ரூபாய் 44 காசு ஆனது, 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசுக்கு வந்தது. ஆனால் அவை நண்பகலில், உற்பத்தி நிலையத்தின் வாசலில் உள்ள விலைகள். கேரளத்தின் மின் தேவை 2024 கோடையில் 5,700 மெகாவாட்டைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது இரவில்தான். முதலமடை மாம்பழம் நாட்டிலேயே முந்திச் சந்தைக்கு வருவதால் விலை பெறுகிறது, எல்லா ஊர்த் தோப்புகளும் காய்த்துக் கொட்டும் மாதத்தில் அந்த விலை நிற்பதில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சோலார் மின்சாரம் முழுவதும் ஒரே வேளையில் சந்தைக்கு வருகிறது, அதன் பங்கு கூடக்கூட அந்த வேளை யூனிட்டின் மதிப்புக் குறைகிறது. இரவுக்கான மின்சாரத்தை வாரியம் வேறிடத்தில் வேறு விலைக்கு வாங்குகிறது; கம்பி, மின்மாற்றி, பழைய நீண்டகால ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் செலவும் உங்கள் பில்லில் சேர்கிறது. அடக்க விலையையும் மதிப்பையும் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் கட்டுரைகளைச் சற்று விலகி நின்றே படியுங்கள்.

கேள்வி: பசுமைக் கடன் பத்திரம் என்பது பெயர் மாற்றம் மட்டும்தானா?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, குமுளி

பதில்: பெரும்பாலும் பெயரும் ஒரு வாக்குறுதியும் என்று சொல்லலாம். ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2007-இல் தொடங்கிவைத்த இவ்வகைப் பத்திரத்தில், திரட்டும் பணம் இன்ன வேலைக்கே செலவாகும் என்று வெளியிடுபவர் உறுதி தருகிறார். கடன் திரும்பி வருமா என்பதோ அவருடைய மொத்த வருவாயைப் பொறுத்தது. இந்திய அரசு 2023-இன் தொடக்கத்தில் இரு தவணைகளில் 16,000 கோடி ரூபாய்க்கு வெளியிட்டபோது, முதல் தவணையில் சாதாரண அரசுப் பத்திரத்தைவிட ஏறத்தாழ 0.05 சதவீதம் மட்டுமே வட்டி குறைந்தது. முதல் பதிலில் பார்த்த 12-க்கும் 8-க்கும் இடையிலான பள்ளத்தோடு இதை ஒப்பிட்டால், எங்கே ஆராய்ச்சி தேவைப்படுகிறது என்பது புலப்படும்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரு காற்றாலை நிறுவனம் தன் உற்பத்திக் கணக்குகளையும் சிறு தொகையையும் தர முன்வருகிறது; முடிவுகளை வெளியிடுமுன் தங்களிடம் காட்ட வேண்டும் என்கிறது. ஏற்கலாமா?
— ஆய்வு மாணவர், தென்காசி

பதில்: காட்டுவதில் தவறில்லை, அனுமதி கேட்பதில் தவறு உண்டு. எண்களில் பிழையிருந்தால் இத்தனை நாட்களுக்குள் சுட்டிக்காட்டலாம், வெளியிடுவதைத் தடுக்க முடியாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் கணக்குகளையும் மறுத்துவிடுங்கள். பணம் வாங்கினால் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2012 முதல் தன் ஆய்விதழ்களில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரே நிறுவனத்தின் காற்றாலைகளை மட்டும் வைத்து மாநிலம் முழுவதற்கும் முடிவு சொல்ல இயலாது என்பதால், பெங்களூரில் உள்ள தென்மண்டல மின்பகிர்மான மையம் நாள்தோறும் வெளியிடும் அறிக்கைகளோடு அந்தக் கணக்குகளை ஒத்துப் பார்ப்பதும் அவசியம். தணிக்கை செய்யப்படாத கணக்கை நிறுவனத்தார் சிரித்துக்கொண்டே தருகிறார்கள் என்றால் இன்னும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இத்துறைக்கு இனி வர முடியுமா?
— விரிவுரையாளர், பொள்ளாச்சி

பதில்: வரலாம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்குத்தான் வயது வரம்பு, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் அதில் தளர்வும் உண்டு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு உச்ச வயது கிடையாது. மானியக்குழுவின் 2022 விதிகள் பகுதிநேர முனைவர் படிப்பை அனுமதிக்கின்றன, பணியாற்றும் கல்லூரியின் தடையின்மைச் சான்று வேண்டும். சேர்வதற்கு முன் வழிகாட்டியாக வரவிருப்பவரின் கடைசி இரண்டு கட்டுரைகளைப் படித்துவிடுங்கள். ஆற்றலைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் கடன் ஒப்பந்தம் ஒன்றை முழுதாகப் படித்தவரா அவர் என்பது அந்த இரண்டு கட்டுரைகளிலேயே தெரிந்துவிடும்.