ஒரே நாளில் பினாங்கு: மலையை விட்டுவிடுங்கள்

கேள்வி: கோலாலம்பூரில் படிக்கிறேன். ஒரே நாளில் பினாங்கு போய்வர முடியுமா? கையில் காசு குறைவு. எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

முடியும். பினாங்கு மலையை விட்டுவிட்டால்.

நானும் அங்கே படிக்கிறவள்தான், சொந்த ஊர் நாகூர். ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் இறங்கினேன். பக்கத்திலேயே படகுத்துறை. பாலத்தில் போகும் பஸ்ஸும் உண்டு, ஆனால் தீவுக்குப் படகில் போய் இறங்குவதுதான் அழகு. அப்புறம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நேரே 204ஆம் நம்பர் பஸ் பிடித்துப் பினாங்கு மலைக்குப் போனேன். 1923இல் தொடங்கிய மலை ரயில், மேலே அருளொளித் திருமுருகன் கோயில் என்றெல்லாம் படித்து வைத்திருந்தேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம். வெளிநாட்டவர் டிக்கெட் 30 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). மேலே போனால் மூடுபனி. முருகனைப் பார்த்தேன், ஊரைப் பார்க்கவில்லை. பாதி நாள் போயே போச்சு.

கீழே வந்ததும் நாசி கண்டார். மலாயில் 'நாசி' என்றால் சோறு, 'கண்டார்' என்றால் தோளில் சுமக்கும் தடி, நம் காவடி மாதிரி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகத் தூக்கிப்போய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு. கடைக்கார அண்ணன் "பசியாறிட்டியா தங்கச்சி?" என்று கேட்டதும் எனக்குச் சட்டென்று எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது. நாகூரில் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இப்படித்தான் கேட்பார்கள். அந்த மகிழ்ச்சியில் விலை கேட்காமல் பெரிய இறால் ஒன்றைக் கைகாட்டிவிட்டேன். "பஞ்சிர் போடவா?" என்றார். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். தலையாட்டினேன். நாலு சட்டியிலிருந்து நாலு குழம்பை அள்ளி ஊற்றினார், சோறே கண்ணில் படவில்லை. ருசிக்குக் குறை சொல்ல மாட்டேன். பில் 38 வெள்ளி. கோழியோடு நிறுத்தியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. கடலில் பிறந்த எதைத் தொட்டாலும் முதலில் விலையைக் கேளுங்கள்.

மீதி நாளை ஒரே தெருவில் கழித்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். தெருவின் இப்போதைய பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங், பழைய ஆட்களுக்கு இன்னும் பிட் ஸ்ட்ரீட். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கும் முனையிலிருந்து நடந்தால் அடுத்து சீனர்களின் குவான் யின் கோயில். ஊதுபத்திப் புகையில் எனக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. கொஞ்சம் தள்ளி மகாமாரியம்மன் கோயில், 1833இலிருந்து இருக்கிறது. பிட் ஸ்ட்ரீட் பக்கம் தெரிவது அம்மனின் முதுகுப்புறம்தான், வாசல் குயின் ஸ்ட்ரீட்டில். அங்கே மல்லிகை இரண்டு முழம் வாங்கினேன். பூக்காரம்மா "ஊர்லேருந்து வந்தியாம்மா?" என்றார். ஊர் என்றால் இவர்களுக்குத் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவருக்கு ஆங்கிலேயர் கொடுத்த பட்டம்தான் கப்பித்தான். இத்தனையும் மெதுவாக நடந்தாலே கால் மணி நேரத் தூரம்.

சூலியா தெருவுக்குத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தேன். கிங் ஸ்ட்ரீட் முனையில் நாகூர் தர்கா! சாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருப்பது எங்கள் ஊரில்தான். இது அவர் நினைவாக 1800களின் தொடக்கத்தில் இங்கே வந்தவர்கள் எழுப்பியது. எங்கள் ஊர் தர்காவின் பெரிய மனாராவை, அதாவது கோபுரத்தை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். இங்கே மனாராக்கள் மாடிவீட்டு உயரம்கூட இல்லை, சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள். எங்கள் தெருவில் பினாங்குக்கு 'சபுர்', அதாவது கடல் கடந்து பிழைக்க, போய் வந்த தாத்தாக்கள் உண்டு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கப்பலைப் பற்றி அவ்வளவு சொன்னவர்கள் இந்தத் தர்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இது எந்தத் தெரு?" என்று பதில் வந்தது.

ஆர்மீனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் ஓவியம் இருக்கிறது. குழந்தைகள் சுவரில், சைக்கிள் மட்டும் நிஜம். படம் எடுக்க அங்கேயும் வரிசை. நான் நிற்கவில்லை. கடல்மேல் கால் நட்டுக் கட்டிய சீனர் வீடுகளை, சியூ ஜெட்டியில், இருட்டுவதற்குள் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

திரும்பும் படகு நேரத்தை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் குறிக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி ஏறினேன், மல்லிகை நசுங்கி நோட்டுப் புத்தகமெல்லாம் வாசனை.