கரப்பான் ஜோக் அடிக்கலாமா?

கேள்வி: நான் விஸ்காம் இறுதியாண்டு மாணவன். லேபில் கொட்டிய ரசாயனத்தால் ஹாஸ்டல் கரப்பான் பூச்சி ஒன்று ஆள் உயரம் வளர்ந்துவிடுவதாக 15 நிமிடக் குறும்படம் எழுதியிருக்கிறோம். காமெடி ஹாரர். எழுதும்போது விழுந்து விழுந்து சிரித்தோம். சீனியர்களிடம் படித்துக் காட்டினால் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. புரொபசர் நான்கு நிமிடம் விஞ்ஞானம் விளக்குகிறார், கரப்பான் பஞ்ச் வசனம்கூடப் பேசுகிறது. கிராபிக்ஸுக்குக் காசு கிடையாது. விட்டுவிடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். ஆனால் அந்தப் பஞ்ச் வசனத்தை இன்றைக்கே வெட்டிவிடுங்கள். கரப்பான் ஜோக் அடித்தால் அது வேஷம் கட்டிய ஆளாகிவிடும். அப்புறம் அதைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? அதற்குப் பசிக்கிறது, அவ்வளவுதான். சிரிப்பெல்லாம் அதனிடம் மாட்டிக்கொண்ட மனிதர்களிடமிருந்து வரட்டும்.

‘ட்ரெமர்ஸ்’ (1990) பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பாருங்கள். நெவாடா பாலைவனத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே உள்ள ஊர், மண்ணுக்கடியில் ராட்சதப் புழுக்கள். புழுவுக்குக் கண் கிடையாது, தரையின் அதிர்வை வைத்துத்தான் இரை தேடும். படத்தின் பயம், சிரிப்பு இரண்டுமே இந்த ஒரே விதியிலிருந்து கிளம்புகின்றன. ஒரு சிறுமி ஸ்பிரிங் கம்பியில் ஏறி டங் டங்கென்று குதித்து விளையாடுகிறாள். சாதாரண விளையாட்டு, ஆனால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாறைமேல் சிக்கிய மூன்று பேர் நீளக் கம்பை ஊன்றிப் பாறைக்குப் பாறை தாவுகிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது, தவறி விழுந்தால் சாவு. அவர்கள் யாரும் நம்மைச் சிரிக்க வைக்க முயலவில்லை, உயிர் பிழைக்கத்தான் பார்க்கிறார்கள். கதையை எழுதியவர்களில் ஒருவரான எஸ்.எஸ். வில்சனுக்கு இந்த யோசனை வந்ததே பாலைவனத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தபோதுதான். கீழே ஏதோ இருக்கிறது, இறங்க முடியாது என்றால் என்ன செய்வேன் என்று நினைத்திருக்கிறார்.

புழு எங்கிருந்து வந்தது? பாத்திரங்கள் அதைப் பற்றி வாதாடுகிறார்கள், படம் பதில் சொல்லாமலே போய்விடுகிறது. உங்கள் புரொபசரின் நான்கு நிமிடத்துக்கு இதுதான் என் பதில். காரணம் சொல்லியே ஆக வேண்டுமென்றால் தென்கொரிய இயக்குநர் பாங் ஜூன்-ஹோ ‘தி ஹோஸ்ட்’ (2006) படத்தில் செய்ததைப் பாருங்கள். சியோலில் உள்ள அமெரிக்க ராணுவ முகாமின் பிணவறையில், பாட்டிலில் தூசி படிந்திருக்கிறது என்பதற்காக ஃபார்மால்டிஹைடை சிங்க்கில் கொட்டச் சொல்கிறார் ஓர் அதிகாரி. அது ஹான் நதியில் கலக்கிறது, நதிக்குள் ஒரு ராட்சதப் பிராணி உருவாகிறது. ஒரே காட்சி, முடிந்தது. 2000இல் அங்கே உண்மையாகவே ஃபார்மால்டிஹைடு கொட்டப்பட்டுப் பெரிய சர்ச்சையானது, அதனால் அந்தக் காட்சி கொரிய ரசிகர்களை இன்னும் ஆழமாகத் தொட்டிருக்கும்.

அந்தப் படத்தில் எனக்கு மறக்கவே முடியாத ஓர் இடம் உண்டு. பிராணி கரையேறித் துரத்த, அப்பா மகளின் கையைப் பிடித்து ஓடுகிறார். திரும்பிப் பார்த்தால் பிடித்திருப்பது வேறொரு பள்ளிச் சிறுமியின் கை. சிரிப்பு தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுவிடும். பிறகு இரங்கல் கூடத்தில் அந்தக் குடும்பம் கட்டிப் புரண்டு அழுகிறது. அழுகை எல்லை மீறிப்போய் சிரிப்பு வருகிறது, அதே நேரம் நெஞ்சும் வலிக்கிறது. உங்கள் ஹாஸ்டல் பையன்களுக்கு இப்படி இழக்க ஒன்று வேண்டும். நீங்கள் எழுதிய கதைச் சுருக்கத்தில் அது எனக்குத் தட்டுப்படவில்லை.

சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்ததற்கு ‘நைட் ஆஃப் தி லீபஸ்’ (1972) உதாரணம். குட்டி செட்டுகளில் வீட்டு முயல்களை ஓடவிட்டு ராட்சத முயல் என்றார்கள். எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் முயல் முயல்தான். ஆனால் நியூசிலாந்துப் படமான ‘பிளாக் ஷீப்’ (2006) சாதுவான ஆட்டை வைத்தே பயமுறுத்தியது. அதில் கதாநாயகனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆடு என்றாலே நடுக்கம், அவன் பயத்தைப் பிடித்துக்கொண்டு நாமும் போய்விடுகிறோம்.

உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. கரப்பான் சிறிதாக இருக்கும்போதே பாதிப் பேர் கட்டிலில் ஏறி நிற்பார்கள்! அதன் சுபாவத்தையே விதியாக்குங்கள். வெளிச்சம் பட்டால் அது ஓடும். ஆக, டியூப்லைட் எரியும்வரை எல்லாரும் பத்திரம். கரன்ட் போனால்? முழு உருவத்தைக் காட்ட வேண்டியதில்லை, கதவுக்கடியில் இரண்டு நீள மீசைகள் துழாவினால் போதும். வளையும் பிரம்பில் கறுப்புப் பெயின்ட் அடித்தால் மீசை தயார்.

இன்னொன்று. கரப்பான் மூச்சுவிடுவது உடம்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக. அதனால் தலை போன பின்னும் அது பல நாள் உயிரோடு இருக்கும். பையன்கள் தலையை வெட்டிவிட்டு, அப்பாடா என்று சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள், யார் வெட்டியது என்று சண்டை வேறு. பின்னால் ஒரு கால் அசைகிறது. இந்த ஒரு காட்சியை மட்டும் முதலில் மொபைலில் எடுத்து, அதே சீனியர்களிடம் போட்டுக் காட்டுங்கள். காட்டும்போது திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.