கடல் வாசலில் இருக்க, கொல்லையில் எதற்குக் குளம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் தங்கை குடும்பம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் பக்கம் வீடு கட்டிப் போய்விட்டது. மாடியில் நின்றால் கடல். நடந்தால் ஐந்து நிமிடம். இப்போது கொல்லையில் நீச்சல் குளம் கட்டப் போகிறார்களாம், பிள்ளைகள் இரண்டும் ஆசைப்படுகிறதாம். "கடலையே வாசலில் வைத்துக்கொண்டு குளம் வெட்டுவது பணத்திமிர் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். நான் சொன்னதில் என்ன தப்பு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள அண்ணா,

உங்கள் கோபத்தில் தண்ணீரைப் பற்றிய பாதி சரி. அதற்கு அப்புறம் வருகிறேன். மற்ற பாதியில் நான் மாப்பிள்ளை பக்கம்.

நீங்களும் கிணற்றில்தான் நீச்சல் பழகியிருப்பீர்கள். எனக்கு அயோத்தியாபட்டணம் பக்கம் மாமாவின் தோட்டத்துக் கிணறு. முதுகில் மிதவையாகக் கட்டிய காய்ந்த சுரைக்காய்க் கூடு, அதாவது சுரைப்புருடை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி மேலே மாமா. கால் பதறிப்போய்ப் படிக்கல்லைத் தேடும். அந்தக் கல்லின் பாசி வழுக்கல் இன்னமும் என் உள்ளங்காலில் இருக்கிறது. ஆனால் தண்ணீர் நின்ற இடத்தில் நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு கை போட்டால் சுவர். அந்தத் தைரியத்தில்தான் பத்தே நாளில் சுரைப்புருடையைக் கழற்றினேன்.

கடலில் இது எதுவும் கிடையாது. இதை நான் தெரிந்துகொண்ட விதம் கொடியது.

கல்லூரியில் என்னோடு படித்தவன், ஓமலூர் பக்கத்துப் பையன். மோட்டார் ரூம் கூரையிலிருந்து கிணற்றுக்குள் குதித்து, அடியில் போட்ட காசை எடுத்துக்கொண்டு மேலே வருவான். மூன்றாம் வருடச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் சிரித்துக்கொண்டு நின்றவன், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் போனான். கரையைப் பார்த்து நேராகக் கை போட்டான். அவன் போட்டுக்கொண்டே இருந்தான், தூரம் கூடிக்கொண்டே இருந்தது. மறுநாள் விடிந்த பிறகு மீனவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். "அவனுக்கு நல்லா நீச்சல் தெரியுமே சாமி" என்று அவன் அம்மா வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் அது ஒன்றுகூடி, வாய்க்கால் போலக் குறுகி, கடலைப் பார்த்து ஓடும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. பார்ப்பதற்கு மற்ற இடத்தைவிட அமைதியாக இருக்கும். தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். அந்த ஓட்டம் சில நேரம் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகும், ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்த முடியாத வேகம். கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தினால் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். இந்த ஒரு வரியை எங்களுக்கு அன்று யாரும் சொல்லித் தரவில்லை. மெரினாவில் போலீஸ் குளிக்க விடாமல் விரட்டுவதும் இதற்காகத்தான்.

ஏற்காட்டு ஏரியில் எத்தனை முறை படகில் போயிருப்பீர்கள்? அதில் குதித்து நீந்தலாம் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்கிறதா? கடலோரத்து வீட்டுக்காரருக்கும் கடல் அப்படித்தான்: காற்று வாங்கவும், கால் நனைக்கவும், பார்த்துக்கொண்டு உட்காரவும்.

போன தை மாதம் அதே சாலையில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். அவருடைய அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. விடியற்காலையில் சுடிதாரோடு குளத்தில் இறங்கி, ஓரக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நெஞ்சளவுத் தண்ணீரில் உடம்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் கால் தாங்க வேண்டும். தரையில் பத்தடி நடக்க முகம் சுளிப்பவர், அங்கே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்தார். அவரால் அலையில் நிற்க முடியுமா? உங்கள் தங்கையையும் கேட்டுப் பாருங்கள். ஊர் பார்க்க ஈரத் துணியோடு அந்த மணலில் எத்தனை நாள் நின்றிருப்பார்?

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். 25 அடி நீளம், 12 அடி அகலம், 4 அடி ஆழம் என்றால் ஏறத்தாழ 34,000 லிட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் 140 லிட்டர், அதாவது ஒன்பது குடம். இதைப் போர்வெல்லில் எடுக்கக் கூடாது. கடலோர மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்பு சுமார் 40 அடி ஏறும் என்பது கணக்கு. ஏறிய உப்பு எளிதில் இறங்காது. பக்கத்துக் குப்பத்து அடிபம்பும் சேர்ந்து கரிக்கும். அந்தப் பாவம் நம் வீட்டுக்கு வேண்டாம்.

மழையைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 370 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அந்தக் குளம் நிறையும். அந்தக் கரையில் பெரும்பாலான வருடங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் அதற்கு மேலேயே கொட்டும். நிரப்பிய தண்ணீரை மாதாமாதம் இறைத்து ஊற்ற வேண்டியதில்லை. வடிகட்டி ஓடி, லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் அதே தண்ணீர் வருடக்கணக்கில் இருக்கும். குளிக்காத நேரத்தில் மேலே விரிப்பு போட்டு மூடினால் ஆவியாவதும் பெருமளவு குறையும்.

ஆழம் 4 அடிக்கு மேல் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். இதில் மட்டும் மாப்பிள்ளையோடு சண்டையே போடுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

இன்றைக்கே போன் போட்டுப் பேசிவிடுங்கள் அண்ணா. தங்கை பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது தாய்மாமன் வேலை. கயிறு நீங்கள் கொண்டு போங்கள். என் மாமாவின் சுரைப்புருடை பரண் மேல் பத்திரமாக இருக்கிறது, கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்.