கொடைக்கானல் ஓடையோரத்தில் பார்த்த வெள்ளைப் பூ என்ன லில்லி?

ஓடையோரச் சேற்றில் புதர் புதராக நிற்கிறது, காகிதத்தைச் சுருட்டிக் கூம்பு செய்த மாதிரி வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் குச்சி என்கிறீர்கள். சந்தேகமே வேண்டாம், காலா லில்லிதான். ஆரம் லில்லி என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் சாண்டடெஸ்கியா ஏத்தியோப்பிகா. பெயரைப் பார்த்து எத்தியோப்பியா என்று நினைக்க வேண்டாம், இதற்குச் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தது, இப்போது தோட்டத்தை விட்டு இறங்கி வாய்க்காலையும் பிடித்துக்கொண்டது.

உண்மையில் இது லில்லியே இல்லை. எங்கள் அம்மா முதன்முதலாகப் பார்த்தபோது, பூவை விட்டுவிட்டு, "இது என்ன, சேப்பங்கிழங்குச் செடியா?" என்றார். அவர் சொன்னதுதான் சரி, இரண்டும் ஒரே குடும்பம். இலையைத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சேம்பில் காம்பு இலையின் முதுகில் வந்து ஒட்டியிருக்கும்; இதில் இலையின் விளிம்பிலேயே சேர்ந்துவிடும்.

அந்த வெள்ளைக் கூம்பும் இதழ் இல்லை. தென்னம்பாளையை மூடியிருக்கும் மடல் மாதிரி ஒரு மடல்தான், வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவே. பூக்கள் எல்லாம் அந்த மஞ்சள் குச்சியில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கின்றன. அடியில் பெண் பூக்கள், மேலே ஆண் பூக்கள். மேல்பாதியை விரலால் தடவிப் பாருங்கள், மகரந்தம் மாவு மாதிரி ஒட்டும்.

சமவெளியில் வீட்டு வாசலில் வைக்கும் வெள்ளை ஸ்பைடர் லில்லி வேறு. அதில் ஆறு ஒல்லி இதழ்களும் நடுவே சவ்வுக் கிண்ணமும் இருக்கும். மழை லில்லிக்குப் புல் போன்ற இலை. குழம்பவே முடியாது.

குழந்தைகள் இருந்தால் கவனம். கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். சேனையும் சேம்பும் அரிப்பதற்குக் காரணமான அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதிலும் உண்டு.

கிழங்கு கொண்டுவந்து வளர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் நான் தொட்டியில் வைத்து, அடித்தட்டில் தண்ணீர் தேங்க விட்டுப் பார்த்தேன். மார்கழியில் இலை தளதளவென்று வந்தது. காலையில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு நீர் தொங்கும், பனி என்று நினைத்தேன். செடியே கக்கும் நீராம். சித்திரை வெயிலில் எல்லாம் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. இரண்டு வருஷம் பார்த்தேன், ஒரு பூ கூட இல்லை. அப்புறம் அந்தத் தொட்டியில் கறிவேப்பிலை வைத்துவிட்டேன்.