ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் கட்டுவோருக்கு: முதலில் மீட்டர், பிறகு காது

ஒரு 9 வோல்ட் பேட்டரி, எட்டுக் கால் ஐ.சி. ஒன்று, ஒரு கைப்பிடி ரெசிஸ்டர்கள். 1990களின் இறுதியில் சூ மோய் வெளியிட்ட இந்தச் சிறிய சுற்றை ‘சீமோய்’ என்று அழைப்பார்கள். என்னைப் போல எத்தனையோ பேருக்குச் சொந்தக் கையால் கட்டிய முதல் ஆம்ப்ளிஃபயர் அதுதான். வந்திருக்கும் கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றியவையே.

கேள்வி: என்னுடையது 32 ஓம் ஹெட்போன். அண்ணன் வைத்திருப்பது சென்ஹைசர் எச்டி 600, 300 ஓம். இரண்டுக்கும் இதே சுற்று போதுமா?

பதில்: கணக்குப் போட்டால் விடை தானாகத் தெரியும். உங்கள் ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் தருவது என்று கொள்வோம். இசையின் உச்சங்களுக்கு 110 டெசிபல் வேண்டுமானால் 10 மில்லிவாட் தேவை. 32 ஓமில் அது ஏறத்தாழ 0.57 வோல்ட், 18 மில்லிஆம்ப். சீமோய் இதைச் சிரமமின்றித் தரும்.

எச்டி 600 கதை வேறு. 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல். 110ஐத் தொட 4.5 வோல்ட் வேண்டும். 9 வோல்ட் பேட்டரியை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 4.5 வோல்ட், அதிலும் ஐ.சி. ஒன்றரை வோல்ட் போல விழுங்கிவிடும். மிஞ்சும் 3 வோல்ட் அலையின் உச்சம் மட்டுமே; ஹெட்போன் கணக்கில் வரும் ஆர்.எம்.எஸ். அளவில் (உச்சத்தின் 0.7 மடங்கு) அது சுமார் 2.1 வோல்ட், அதாவது 103 டெசிபல். அமைதியாகக் கேட்பவருக்கு அது போதும். போதாது என்றால் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து, நடுவிலுள்ள இணைப்பையே கிரவுண்டாக்குங்கள் (சுற்றின் பூஜ்ஜிய வோல்ட் புள்ளி). மின்னழுத்தத்தைப் பாதியாகப் பிரிக்கும் இரண்டு ரெசிஸ்டர்களும் தேவையில்லாமல் போகும். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான்.

கேள்வி: அண்ணா, சீமோய்க்கு வேண்டிய ஓபிஏ 2134 ஐ.சி. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கவில்லை. கால் அமைப்பு ஒன்றுதானே என்று என்ஈ 5532 போட்டேன். பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது, ஆனால் செருகும்போதெல்லாம் ‘டொக்’ என்று ஒலிக்கிறது. ஏன்?

பதில்: தம்பி, முதலில் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். 200 மில்லிவோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டினால் காரணம் இதுதான்.

ஓபிஏ 2134இன் உள்ளீட்டில் இருப்பவை ஃபெட் டிரான்சிஸ்டர்கள். அவை இழுக்கும் மின்னோட்டம் சில பிக்கோஆம்ப் மட்டுமே. 5532இல் இருப்பவை பைபோலார். சுமார் 200 நானோஆம்ப் இழுக்கும். சீமோயின் உள்ளீட்டில் 100 கிலோஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போகிறது. 200 நானோஆம்ப் அதன் வழியே பாய்ந்தால் 20 மில்லிவோல்ட். மூலச் சுற்றின் பெருக்கம் 11 மடங்கு. ஆக, 220 மில்லிவோல்ட் டி.சி. உங்கள் ஹெட்போனில் ஓயாமல் நிற்கிறது. டயாஃப்ரம் (ஒலி எழுப்பும் சவ்வு) தன் நடுநிலையிலிருந்து விலகியபடியே அதிர்கிறது. சுருளும் வீணாகச் சூடேறுகிறது. நீங்கள் கேட்ட ‘டொக்’ அந்தத் தள்ளல்தான்.

5532 மோசமான ஐ.சி. இல்லை, அதற்கேற்பச் சுற்றை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 100 கிலோஓமை 10 கிலோஓமாக்குங்கள். ஆனால் அதோடு நின்றால் பாஸ் (தாழ்ந்த ஒலிகள்) காணாமல் போகும்: உள்ளீட்டிலுள்ள 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் 10 கிலோஓமோடு சேர்ந்து 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டத் தொடங்கும். அதை 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கபாசிட்டராக மாற்றினால் எல்லை பழையபடி 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பெருக்கத்தையும் 3க்குக் குறைத்தால் (எப்படி என்று கீழே வருகிறது) வெளியீட்டில் 6 மில்லிவோல்ட் போலத்தான் மிஞ்சும்.

நான் எதைக் கட்டினாலும் மீட்டர் 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே காட்டாதவரை அதில் ஹெட்போனைச் செருகுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: காதுக்குள் பொருத்தும் இயர்போனில் வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே காது அடைக்கிறது. அதற்குக் கீழே வைத்தால் இடப்பக்கம் மட்டும் கேட்கிறது.

பதில்: பெருக்கம் அதிகம். இரட்டை வால்யூம் கண்ட்ரோல்களில் தொடக்கப் பகுதியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. 11 மடங்கு பெருக்கம் உங்களை அந்தப் பகுதியிலேயே கட்டிப்போடுகிறது. பின்னூட்டத்தில் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பும் பாதை) கிரவுண்டுக்குப் போகும் 1 கிலோஓமை எடுத்துவிட்டு 4.7 கிலோஓம் போடுங்கள். அதே பாதையிலுள்ள மற்ற ரெசிஸ்டர் 10 கிலோஓம் என்பதால் பெருக்கம் 1 + 10/4.7, அதாவது சுமார் 3. இரைச்சலும் குறையும்.

கேள்வி: ஐயா, எந்த ஐ.சி. மிக இனிமையாக ஒலிக்கும்? ஆயிரம் ரூபாய் வரை செலவழிக்கத் தயார்.

பதில்: சுற்று சரியாக இருந்தால் நல்ல ஐ.சி.களுக்கு இடையிலான வேறுபாட்டை உங்கள் காது பிடிப்பது கடினம். அந்தப் பணத்தை நல்ல வால்யூம் கண்ட்ரோலுக்கும் உறுதியான ஜாக்குக்கும் கொடுங்கள். நம்பத்தகுந்த இடத்தில் வாங்குங்கள். மேலே பெயரை மட்டும் அச்சடித்த போலி ஐ.சி.கள் ஏராளம். எனக்கும் ஒருமுறை அப்படி வந்து, பிழை தேடியே இரண்டு வார இறுதிகள் போயின.

கேள்வி: தகர மிட்டாய் டப்பாவில் அடைத்தேன். பேட்டரியில் ஓடுகிறது, அடாப்டர் செருகினால் ஒலி உடைகிறது. பாட்டு வரும் மடிக்கணினியின் யு.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுத்தாலும் அப்படியே.

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஒற்றை பேட்டரி சுற்றில் ஒலியின் கிரவுண்டு என்பது பேட்டரியின் மைனஸ் அல்ல. பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் நாம் செயற்கையாக உண்டாக்கிய புள்ளி. ஹெட்போன் ஜாக்கின் உலோகக் கழுத்து அந்த நடுப்புள்ளியை டப்பாவோடு இணைக்கிறது. அடாப்டர் ஜாக்கின் உலோகம் மைனஸை அதே டப்பாவோடு சேர்க்கிறது. கீழ்ப்பாதி மின்னழுத்தம் ஷார்ட் ஆகிவிட்டது. பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக் வாங்குங்கள்.

யு.எஸ்.பி.யில் அதே ஷார்ட் கணினிக்குள் நடக்கிறது. அங்கே மின்சாரத்தின் மைனஸும் ஒலி ஜாக்கின் கிரவுண்டும் ஒன்றே. ஒலி எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே மின்சாரமும் எடுக்காதீர்கள். பேட்டரி என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: பாட்டு ஓடாதபோதும் ஐ.சி. சுடுகிறது. பிரெட்போர்டில்தான் (சால்டர் இல்லாமல் செருகிக் கட்டும் பலகை) கட்டியிருக்கிறேன்.

பதில்: பெரும்பாலும் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் சுற்று தானாகவே அதிர்கிறது (ஆஸிலேஷன்). ஹெட்போன் இல்லாமல் பேட்டரியோடு தொடராக மீட்டரை வைத்து மின்னோட்டத்தை அளங்கள். ஓபிஏ 2134 சும்மா இருக்கும்போது மொத்தம் 8 மில்லிஆம்ப் போல எடுக்கும், எல்.இ.டி.க்குச் சில மில்லிஆம்ப். 30, 40 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். மின்சாரம் வரும் 4ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையே, ஐ.சி.யை ஒட்டியபடி, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கபாசிட்டர் வையுங்கள். வயர்களை வெட்டிக் குட்டையாக்குங்கள். பிரெட்போர்டை விட்டு வெரோபோர்டுக்கு (செப்புப் பட்டைகளில் சால்டர் செய்யும் பலகை) மாறினாலே பாதி பிரச்சினை தீரும்.

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இதைக் கட்ட ஆசைப்படுகிறாள். விடலாமா?

பதில்: தாராளமாக விடுங்கள் அம்மா. பேட்டரிச் சுற்று என்பதால் மின்னதிர்ச்சி பயம் இல்லை. சூட்டைத்தான் கவனிக்க வேண்டும்: சால்டரிங் முனை 350 டிகிரி வரை போகும், அதற்கு ஒரு ஸ்டாண்டு கட்டாயம். ஜன்னல் திறந்திருக்கட்டும், உதிரிபாகங்களின் கால்களை வெட்டும்போது துண்டு கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி அணியட்டும், சால்டரில் ஈயம் இருக்கலாம் என்பதால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். ஐ.சி.யை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் பொருத்தச் சொல்லுங்கள். பேட்டரி ஒருமுறை தலைகீழாகப் பட்டால்கூட ஐ.சி. போய்விடலாம், சாக்கெட் இருந்தால் மாற்றிவிடலாம். முதலில் ஒரு பக்கத்தை மட்டும் கட்டி அளந்து பார்த்துவிட்டு மறுபக்கம் போகட்டும். முதல் சோதனைக்கு வீட்டில் கிடக்கும் பழைய இயர்போன் ஒன்றைக் கொடுங்கள். சுவிட்சைப் போடும்போது அது அவள் காதில் இல்லாமல் மேசைமேல் இருக்கட்டும்.