ஒரே கட்டளைகளை எத்தனை கட்டுரையில் ஒட்டுவது?

கேள்வி: கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கணிதக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து அச்சமைக்கும் மென்பொருளான லேடெக்கில் எனக்கென்று நிறைய கட்டளைகள் எழுதி வைத்திருக்கிறேன். புதுக் கட்டுரை தொடங்கும்போதெல்லாம் பழைய கோப்பிலிருந்து அவற்றை வெட்டி ஒட்டுகிறேன். ஒன்றில் திருத்தினால் மற்றவற்றில் பழையதே நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தக் கட்டளைகளைத் தனிக் கோப்பாக்கி, எஸ்டிஒய் என்ற பின்னொட்டோடு சேமியுங்கள். முதல் வரியில் புரொவைட்ஸ்பேக்கேஜ் போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பெயரில் உங்கள் இனிஷியல் இருந்தால் வேறு பேக்கேஜோடு, அதாவது வேறு கட்டளைத் தொகுப்போடு, மோதாது. உள்ளே ஏஎம்எஸ்மேத் போன்ற கணிதப் பேக்கேஜ்கள் தேவைப்பட்டால் ரிக்வயர்பேக்கேஜ் கொண்டு அழையுங்கள். ஆவணத்தில் வழக்கம்போல யூஸ்பேக்கேஜ், அவ்வளவுதான்.

கோப்பை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் திணறுகிறார்கள். லினக்ஸில் டெக் லைவ் என்ற லேடெக் தொகுப்பை நிறுவியிருந்தால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் டெக்ஸ்எம்எஃப், அதற்குள் டெக், அதற்குள் லேடெக் என்று ஃபோல்டர்களை உருவாக்கி அங்கே போடுங்கள். மேக்கில் இந்த வரிசை லைப்ரரி ஃபோல்டருக்குள் வரும். மிக்டெக் என்ற இன்னொரு லேடெக் தொகுப்பில் இதே அமைப்பில் ஒரு ஃபோல்டர் செய்து, அதன் கன்சோலில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் டெர்மினலில் கேபிஎஸ்இவிச் என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பாதை வந்தால் சரி. ஒன்றுமே வராவிட்டால் இடம் தவறு. இணையத்தில் லேடெக் எழுத உதவும் ஓவர்லீஃபுக்கு உங்கள் கணினி தெரியாது, அங்கே கோப்பை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

கட்டளைகளை நியூகமாண்ட் கொண்டே எழுதுங்கள், டெஃப் வேண்டாம். ஹில்பர்ட் வெளிக்கு ஹெச் என்ற ஓரெழுத்துக் கட்டளை வைக்க ஆசை வரும். ஆனால் அது லேடெக்கில் ஏற்கெனவே ஹங்கேரிய எழுத்துக்கான குறி. டெஃப் அதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். பிறகு நூற்பட்டியலில் ஹங்கேரியக் கணிதவியலாளர் எர்டிஷின் பெயர் சிதைந்து நிற்கும், காரணமும் லேசில் பிடிபடாது. நியூகமாண்ட் அந்த இடத்திலேயே பிழை காட்டி நிறுத்திவிடும்.

பொதுக் கோப்பில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இன்று ஒரு குறியீட்டை மாற்றினால், என்றோ முடித்த ஆய்வேட்டை மறுபடி கம்பைல் செய்யும்போது அதிலும் மாறிவிடும். கட்டளையையே நீக்கியிருந்தால் கம்பைலே ஆகாது. அதனால் எந்த ஆவணம் முடிந்தாலும் அந்த எஸ்டிஒய் கோப்பின் நகலை ஆவணம் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்துவிடுங்கள். லேடெக்குக்கு அடியில் இயங்கும் டெக் முதலில் அங்கேதான் தேடும் என்பதால் அந்த நகலே எடுபடும். ஆர்க்கைவ் என்ற முன்வெளியீட்டுத் தளத்துக்கோ ஆய்விதழுக்கோ மூலக்கோப்பு அனுப்பும்போதும் அதைச் சேர்த்தே அனுப்புங்கள்.

பக்க ஓரம், எழுத்துரு போன்றவற்றை இந்தக் கோப்பில் கலக்காதீர்கள். ஆய்விதழுக்கு ஆய்விதழ் அவை மாறும். உங்கள் குறியீடுகள் மாறாது.