ஏரி, ஆறு: வாசகர் கேள்விகள்

கேள்வி: நகரத்தை ஒட்டிய ஏரியில் முதன்முறையாகக் கயாக் படகு ஓட்டப் போகிறோம். எல்லோருக்கும் நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் அவசியமா?

பதில்: அவசியம். கவிழும்போது தலையில் அடிபட்டால் நீச்சல் கைகொடுக்காது. ஜாக்கெட்டின் உட்புறத்தில், அது எவ்வளவு மிதப்பு தரும் என்பது ‘நியூட்டன்’ கணக்கில் அச்சிட்டிருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரையோரத்துக்கு. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பும்படி செய்யப்பட்டவை 100-இலிருந்துதான் தொடங்கும். வார்களையெல்லாம் இறுக்கிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே இழுக்கட்டும். முகவாய்க்கு மேல் ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. குழந்தைகளுக்கு, ‘வளர்ந்தாலும் ஆகும்’ என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்கும் பழக்கம் சட்டைக்குச் சரி. இங்கே குழந்தை ஜாக்கெட்டிலிருந்து நழுவிவிடும். கால்களுக்கிடையே போடும் வாரும் இருக்க வேண்டும்.

கேள்வி: ஏரியில் போகும்போது சுலபமாக இருக்கிறது. திரும்புவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறதே?

பதில்: காற்று முதுகில் இருந்தபோது அது உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். முதல் பாதியை எதிர்காற்றில் ஓட்டுங்கள்; களைத்த பிறகு காற்றே தள்ளிக்கொண்டு வரும். பல ஏரிகளில் வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும் என்பதால் விடிந்ததும் இறங்குவது நல்லது. கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். கரை கைக்கெட்டும் தூரம்போலத்தான் தெரியும்.

கேள்வி: ஆற்றில் இடுப்பளவுகூட இல்லாத தடுப்பணை. படகோடு அப்படியே இறங்கிவிடலாமா?

பதில்: கூடாது. ஆற்றில் ஆளை ஏமாற்றுவதில் இதற்கு இணை இல்லை. விழும் நீர் அடிவரை போய், சற்றுத் தள்ளிக் கொப்பளித்து மேலே வந்து, அதில் ஒரு பங்கு மறுபடி அணையை நோக்கியே ஓடும். கரையில் நின்று பார்த்தால் அந்தக் கொப்பளிப்பு அணைக்கு இணையான கோடாகத் தெரியும். கோட்டுக்கும் அணைக்கும் நடுவில் சிக்கியது எதுவானாலும் உள்ளேயே உருண்டுகொண்டிருக்கும். ஒரு கட்டையோ பிளாஸ்டிக் பாட்டிலோ அங்கே சுற்றுவதைப் பார்த்தாலே புரிந்துவிடும். நுரையில் காற்று கலந்திருப்பதால் ஜாக்கெட்டின் மிதப்பும் குறைந்துபோகும்.

படகிலிருந்து பார்த்தால் எதிரே ஆறு நேர்க்கோடாக அறுந்து நிற்கும், அதற்கப்பால் தண்ணீர் தெரியாது. அந்தக் கோடு கண்ணில் பட்ட பிறகு யோசிக்க நேரமிருக்காது. ஆகவே கிளம்பும் முன்பே சாட்டிலைட் வரைபடத்தில் அணைகளைக் குறித்துக்கொண்டு, வெகுமுன்னதாகவே கரையேறிப் படகைத் தூக்கிப் போங்கள். யாராவது சிக்கினால் கரையிலிருந்து கயிறு வீசுங்கள். நீங்கள் குதித்தால் சிக்கியவர்கள் இரண்டு பேர்.

ஓடும் நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயல வேண்டாம். கால் பாறையிடுக்கில் மாட்டினால் நீரின் விசை உடலை முன்னால் மடக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டிக்கொண்டு மிதந்து, ஓட்டம் குறைந்த இடத்தில் கரை ஒதுங்குங்கள்.

கேள்வி: மழை பெய்தபின் எப்போது இறங்கலாம்? ஏரி பச்சையாக இருந்தால்?

பதில்: நகரத்துச் சாக்கடை கலந்து வரும் என்பதால், கனமழைக்குப் பின் குறைந்தது 2, 3 நாள் பொறுங்கள். பச்சை விஷயத்துக்கு ஒரு குச்சி போதும். நீரில் விட்டு எடுக்கும்போது முடிபோல் இழை இழையாகத் தொங்கினால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்டில் தோய்த்ததுபோல் பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம், சிலவகை நஞ்சுள்ளவை. இறங்காதீர்கள், நாயையும் விடாதீர்கள்.

உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குக் கரையோடு சரி, எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே நுழையும். நனைந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் இறங்கிய கதையை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.